விரிசலுக்குப் பட்டி போடும் முன் தட்டிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தர்மபுரி, பாலக்கோடு பக்கம் புது வீட்டுச் சுவரில் மயிரிழை விரிசலைக் கண்டதும் பலர் பட்டியை (சுவரைச் சமப்படுத்தப் பூசும் மாவுப் பசை) அப்பி பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். சில மாதத்தில் அதே கோடு திரும்பத் தெரிகிறது. வேதனையாக இருக்கிறது.

முதலில் ஒரு நாணயத்தால் தட்டிப் பாருங்கள். பொள்ளலாகச் சத்தம் வந்தால் அந்தப் பூச்சையே கொத்தி எடுத்துப் புதிதாகப் பூச வேண்டும். கெட்டியாக இருந்தால் விரிசலை 5 மி.மீ. அகலத்துக்கு ‘வி’ வடிவில் கீறி, தூசி தட்டி, அக்ரிலிக் கிராக் ஃபில்லரால் அடையுங்கள். தூணும் செங்கல் சுவரும் சேருமிடத்தில் நேர்கோடாக ஓடும் விரிசலுக்கு இது போதாது. கான்கிரீட்டும் செங்கலும் வெயிலுக்கு ஒரே அளவில் விரிவதில்லை. அங்கே 10 செ.மீ. அகல ஃபைபர் வலை ஒட்டித்தான் பட்டி போட வேண்டும்.

வெள்ளை சிமென்ட் பட்டி என்றால் சுவரை லேசாக நனைத்து, மெல்லிசாக இரண்டு கோட். காய்ந்ததும் 220 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, பிறகு பிரைமர் (பெயின்டுக்கு முந்தைய அடிப்பூச்சு).

சீலிங்கில் மஞ்சள் கறை இருந்தால் பட்டியைத் தொடவே வேண்டாம். மாடியில் நீர் இறங்கும் இடத்தை அடைத்து, சீலிங் முழுக்கக் காய்ந்த பிறகே கை வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
பூச்சு, பெயின்டிங் தொழிலாளர்கள்,
பாலக்கோடு.