அலர்ஜியும் குடல் அழற்சியும்: முரளிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள முரளி,

உன் மகளுக்கு வேலை கிடைத்ததில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே சின்னவளுக்கு ஆஸ்துமா கட்டுக்குள் இருக்கிறது. இன்ஹேலரை ஒழுங்காக எடுக்கிறாள்.

ஆனால் நீ பால், கோதுமை, முட்டை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டாய், எடையும் இறங்குகிறது என்று படித்ததிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். உன் தும்மலும் தோல் அரிப்பும்தான் குரோன் என்ற குடல் அழற்சி நோயைக் கொண்டுவந்தனவா என்று கேட்டிருந்தாய். சின்னவளுக்காக அலர்ஜி பற்றி நிறையப் படித்தவன் என்பதால் சொல்கிறேன்.

அலர்ஜிக்கும் குரோனுக்கும் தொடர்பு இருக்கிறது. ஆஸ்துமா, எக்ஸிமா (அரிக்கும் தோல் அழற்சி) உள்ளவர்களிடம் குடல் அழற்சி நோய் கொஞ்சம் கூடுதலாகவே காணப்படுகிறது. மரபணு, குடல் பாக்டீரியா, சிறுவயதில் எடுத்த ஆன்டிபயாடிக் என்று பொதுவான காரணங்களைச் சந்தேகிக்கிறார்கள். அதற்காக ஒன்று மற்றொன்றைப் பெற்றெடுத்தது என்று ஆகிவிடாது. அலர்ஜியில் ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் மாஸ்ட் செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்களைத் தூண்டிவிட, அரிப்பை உண்டாக்கும் ஹிஸ்டமின் கொட்டுகிறது. பெரும்பாலும் சில நிமிடங்களில் தும்மலும் தடிப்பும் வரும். குரோன் அப்படியில்லை. டி செல்கள் என்ற வேறு நோய் எதிர்ப்புச் செல்களும், அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் போன்ற பொருள்களும் மாதக்கணக்கில் குடல்சுவரைப் புண்ணாக்குகின்றன. அலர்ஜி மாத்திரையான செடிரிசின் போட்டுத் தும்மலை நிறுத்தலாம், அந்தப் புண் ஆறாது.

நீ நம்பி உணவுகளை நிறுத்திய அந்த ரத்தப் பரிசோதனை, ஐஜிஜி என்ற வேறொரு எதிர்ப்பொருளின் அளவைப் பார்ப்பது. நாம் சாப்பிடும் உணவுக்கு ஐஜிஜி இருப்பது இயல்பு. உணவு அலர்ஜியைக் கண்டறிய அதை நம்ப வேண்டாம் என்று அலர்ஜி மருத்துவர்களின் சங்கங்களே சொல்கின்றன. அந்தத் தாளை நம்பி நீ இளைத்துப்போவதுதான் எனக்குத் தாங்கவில்லை. பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்றால் பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்காமல் இருக்கலாம். சிறுகுடல் அழற்சியில் அது சகஜம், அலர்ஜி அல்ல.

உணவுக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. குரோன் உள்ள குழந்தைகளுக்கு 6 முதல் 8 வாரம் திரவ ஊட்டச்சத்து மட்டும் கொடுத்தே அழற்சியைத் தணிக்கிறார்கள். ஆனால் அதெல்லாம் மருத்துவரும் உணவியல் நிபுணரும் கூடவே இருந்து செய்வது.

அடுத்த முறை மருத்துவரிடம் மலத்தில் கால்புரோடெக்டின் என்ற புரதத்தைப் பார்க்கச் சொல். குடலில் அழற்சி இருந்தால் அது ஏறும். அப்புறம், சல்ஃபா மருந்து உனக்கு முன்பு ஒத்துக்கொள்ளவில்லையே, அதை மறக்காமல் சொல்லிவிடு; குடல் அழற்சிக்குத் தரும் சல்ஃபாசலசினில் சல்ஃபா இருக்கிறது.

எடை எவ்வளவு என்று அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
சேகர்