‘தூங்கட்டும் விடுங்கள்’ என்றது நான்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐசியூ செலவு பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பில்லை ஊதிப் பெருக்கும் அயிட்டங்கள் என்ற பட்டியலில் பிசியோதெரபியும் இருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். போன வருடம் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நிமோனியா முற்றி என் கணவர் இங்கே மும்பையில் ஒரு தனியார் மருத்துவமனையில் 11 நாள் வென்டிலேட்டரில் இருந்தார். மூன்றாம் நாள் ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண் வந்து அவருடைய கால்களை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். மயக்க மருந்தைக் குறைத்ததும் கட்டிலோரத்தில் உட்காரவைத்துப் பார்க்கலாம் என்றாள். எனக்குப் பகீரென்றது. வாயில் குழாய், கழுத்தில் ஊசி, இவரைப் போய் உட்காரவைப்பதா? “பாவம், தூங்கட்டும் விடுங்கள்” என்றேன். டாக்டர்களும் எடுத்துச் சொல்லவில்லை. பில்லில் ‘பிசியோ’ என்று போட்டிருந்த 600 ரூபாய்க்குச் சண்டை பிடித்ததும் நான்தான்.

வீட்டுக்கு வந்தவரால் காபி டம்ளரைத் தூக்க முடியவில்லை. கிருத்திகை தவறாமல் செட்டாநகர் முருகன் கோயில் படி ஏறுகிறவர், பில்டிங் வாசலில் இருக்கும் மூன்று படிக்கு இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டார். நுரையீரல் தேறிவிட்டது, தொடையில்தான் சதையே இல்லை. அப்புறம் நாலு மாதம் வீட்டுக்கே வந்த பிசியோதெரபிஸ்டுக்குக் கொடுத்த பணத்தை நினைத்தால் அந்த 600 ரூபாய் சிரிப்பாக இருக்கிறது.

விஷயம் தெரிந்த உறவுக்காரப் பெண் ஒருத்தியை உட்காரவைத்துக்கொண்டு இதைப் பற்றிப் படித்தேன். ஐசியூவில் படுத்தவர்களின் தொடைத் தசையை ஸ்கேனில் அளந்து 2013இல் வெளியான ஆய்வில், பத்தே நாளில் கிட்டத்தட்ட 18 சதவீதம் குறைந்திருந்தது. 2009இல் ‘லான்செட்’ இதழில் வந்தது அமெரிக்க ஆய்வு. வென்டிலேட்டரில் இருந்த 104 பேரில் ஒரு பாதிக்குத் தினமும் மயக்க மருந்தை நிறுத்தும் நேரத்தில், தொடக்கத்திலிருந்தே உடற்பயிற்சி கொடுத்தார்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது தானே குளித்து, உடுத்தி, நடக்க முடிந்தவர்கள் இவர்களில் 59 சதவீதம், மற்ற பாதியில் 35. புத்தி தடுமாறிப் பிதற்றும் நாட்களும் இவர்களுக்குக் குறைவு.

உடனே எல்லோரையும் பிடித்து நடக்கவைக்கச் சொல்லவில்லை. 2022இல் 750 பேரை வைத்து நடந்த ஆய்வில், வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பயிற்சி கொடுத்ததில் தனிப் பலன் தெரியவில்லை, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் குளறுபடிகள்தான் அதிகமாயின. ஆனால் அதில் கூடுதல் பயிற்சி பெறாதவர்களும் சும்மா படுத்துக் கிடக்கவில்லை, அவர்களுக்கும் வழக்கமான பயிற்சி நடந்தது. யாரை எப்போது உட்காரவைக்கலாம் என்பதை டாக்டர் பார்த்து முடிவு செய்யட்டும். பயந்துபோன மனைவி முடிவு செய்ததுதான் எங்கள் வீட்டில் நடந்த தப்பு. ஆள் பற்றாக்குறையும் உண்டு, மறுக்கவில்லை. குழாயைப் பிடிக்க ஒருவர், ஆளைத் தாங்க இரண்டு பேர் என்று ஒருவரை உட்காரவைக்கவே மூன்று பேர் வேண்டும். நாமும் “வேண்டாம்” என்றால் அவர்களுக்கு அதுவே வசதி.

இன்னொன்று, மும்பைத் தமிழர்களுக்கு மட்டும். எட்டாம் நாள் மருந்தைக் குறைத்தபோது “ஹாத் வர் கரா” என்று மராத்தியில் சொல்லியிருக்கிறார்கள். இவர் அசையவில்லை. சொன்னதைச் செய்யவில்லை என்று குறித்துக்கொண்டார்கள். முப்பது வருடம் லோக்கல் டிரெயினில் மராத்தி பேசியவர்தான், ஆனால் அந்த மயக்கத்தில் தமிழைத் தவிர வேறெதுவும் உள்ளே போகவில்லை. பார்வையாளர் நேரத்தில் நான் போய் “கையைத் தூக்குங்க” என்றதும் இரண்டு விரலைத் தூக்கினார். பக்கத்தில் நின்ற மாவ்ஷிதான் (இங்கே ஆஸ்பத்திரி ஆயாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) அதை எழுதிக் கொடுக்கச் சொன்னாள். கண்ணைத் திற, கையைத் தூக்கு, காலை மடக்கு, வலிக்குதா என்ற தமிழ் வார்த்தைகளை மராத்தி எழுதும் தேவநாகரி எழுத்தில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டினோம். மறுநாள் அவள் “காலே மடக்கு” என்றாளாம், இவர் மடக்கினாராம்.

அடுத்த இதழில் அந்தப் பட்டியலிலிருந்து பிசியோதெரபியை எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செம்பூர், மும்பை