கோடு எந்தப் பக்கம் சாயும்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் பெஸ்தாரி ஜெயாவில் (பத்தாங் பெர்ஜுந்தை என்றால்தான் என் வயதுக்காரர்களுக்குப் பழக்கம்) சமூகக் கலை மையத்தில் ஓவியக் கண்காட்சி ஒன்று நடக்கிறது. தோட்ட வாழ்க்கையைப் பற்றிப் பல ஓவியர்கள் வரைந்த படங்கள். பேத்தி கூட்டிக்கொண்டு போனாள். இந்த மாதிரி ஒன்று நம் ஊரில் நடப்பதே சந்தோஷம்தான். ஆனாலும் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டியே, அதாவது அதன் பட்டையைச் சீவிப் பால் எடுத்தே காலத்தை ஓட்டியவள் என்பதால் சிலவற்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நுழைந்ததும் சுவரை அடைத்தபடி ஒரு பெரிய படம். ஓர் ஆள் மரம் வெட்டுகிறார். வெட்டுக்கோடு வலப்பக்கம் உயர்ந்து இடப்பக்கம் இறங்குகிறது! மரத்துக்கு எதிரே நின்று பார்த்தால் கோடு இடப்பக்க மேட்டிலிருந்து வலப்பக்கம்தான் இறங்க வேண்டும். பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் நேராக ஏறுவதில்லை, லேசாக வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. அதற்கு எதிர்ச்சாய்வில் வெட்டினால்தான் நிறையக் குழாய்கள் அறுபட்டுப் பால் கூடும். என் சின்னம்மா இடது கைக்காரர். அவரும் இதே சாய்வில்தான் வெட்டினார். படத்தில் இருப்பது போல வெட்டியிருந்தால் மண்டோர் (வேலையை மேற்பார்க்கும் கங்காணி) பிரட்டுக்களத்திலேயே, காலையில் பேர் கூப்பிடும் அந்த இடத்திலேயே, மானத்தை வாங்கியிருப்பார். அதே படத்தில் உச்சி வெயில் அடிக்கிறது. இருட்டோடு வெட்டத் தொடங்குவதே வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால்தானே?

அங்கே இருந்த தம்பியிடம் சொன்னேன். "அது ஓவியரோட கற்பனைச் சுதந்திரம், பாட்டி" என்றார். சரி, இருக்கட்டும். உள்ளே இன்னொருவர் மரங்களை முழுக்க நீலமாகத் தீட்டியிருக்கிறார். நீல மரத்தை நான் எங்கும் கண்டதில்லை. ஆனால் அந்தப் படத்தின் முன்னால்தான் அதிக நேரம் நின்றேன். கோடு சரியான சாய்வில் இருக்கிறது. கோட்டின் தாழ்ந்த முனையில் பால் வடியும் பீலி, அதற்கு நேர் கீழே பால் பிடிக்கும் மங்கு. முந்தின வெட்டில் உறைந்துபோன கோட்டுப்பால், பாதி உரித்த நிலையில் நூலாகத் தொங்குகிறது. இன்னும் கீழே, பழைய பட்டையில் ஒரு கழலை. பட்டை சீவும் உளி ஆழமாகப் போய்க் கட்டையைத் தொட்டுவிட்டால் அந்த இடத்தில் புதுப்பட்டை சீராக வளராது, முண்டும் முடிச்சுமாகத்தான் வரும். மறுபடி அங்கே வெட்டுவது பெரும்பாடு. இதையெல்லாம் அவர் யாரிடமோ கேட்டிருக்கிறார், அல்லது மரத்தடியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்.

பெண்களை வரைந்திருக்கும் விதம்தான் எனக்கு எரிச்சல். தலை நிறைய மல்லிகைப் பூ, இடுப்பில் குடம், வாயில் சிரிப்பு. அந்தக் கொசுக் காட்டுக்குள் பூ வைத்துக்கொண்டு யார் போனார்கள்? முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, இடுப்பில் புகையும் கொசுவத்தி, தோளில் காண்டா (காவடிக் கம்பு) வாளி. ஆண்களோடு சரிசமமாக நாங்களும் நிரை (மர வரிசை) பிடித்து வெட்டினோம். உளி பிடித்த ஒரு பெண்ணைக்கூட அந்த மண்டபத்தில் நான் பார்க்கவில்லை.

இன்னொரு குறை. மலேசியாவில் வணிக முறையில் முதன்முதலாகச் செம்பனை (எண்ணெய்ப் பனை) நட்டது 1917-இல், எங்கள் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில். இன்று ஊரைச் சுற்றிப் பால்மரத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும், திரும்பிய பக்கமெல்லாம் செம்பனைதான். கண்காட்சியிலோ அதற்கு ஒரே ஒரு சின்னப் படம், அதுவும் கழிப்பறைக்குப் போகும் வழியில். நீளக் கம்பில் அரிவாள் கட்டிக் குலை அறுக்கும் ஒரு வங்காளதேச இளைஞன், கழுத்தை அண்ணாந்தபடி. நாங்கள் இருந்த லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையில்) இப்போது அவர்கள்தான் இருக்கிறார்கள். அந்தப் படத்தை வாசலுக்கு நேரே மாட்டியிருக்க வேண்டும்.

படங்களுக்குக் கீழே உள்ள விளக்கம் மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டும். பேத்தி படித்துச் சொன்னாள், சமாளித்தேன். தனியாக வந்திருந்த கிழவர் ஒருவர் படத்தைப் பார்ப்பதும் அட்டையைப் பார்ப்பதுமாக நின்றார். தமிழிலும் இரண்டு வரி போட்டால் என்ன? எழுதிக் கொடுக்க ஊரில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் இல்லாமலா போய்விட்டார்கள்?

ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஓவியர்கள் தூரிகையை எடுப்பதற்கு முன்னால், உளி பிடித்த எங்களில் நாலு பேரை ஒரு மாலை நேரம் கூப்பிடுங்கள். காசு வேண்டாம், தேநீர் போதும். பலர் இப்போது பிள்ளைகளோடு அடுக்குமாடியில் சும்மாதான் இருக்கிறோம்.

கண்காட்சி மாதக் கடைசி வரை இருக்கிறது, கோலசிலாங்கூர் பக்கம் இருப்பவர்களும் வந்து பார்க்கலாம். திங்கட்கிழமை மட்டும் பூட்டியிருக்கும். மண்டபம் மாடியில், மின்தூக்கி கிடையாது. முழங்கால் வலி உள்ளவர்கள் துணைக்கு ஆள் கூட்டிக்கொண்டு போங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் பால்மரத் தொழிலாளி,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்.