இருண்ட இடத்தில் படம் எடுப்பது வீண் வேலையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு பதிப்பில் நம் பினாங்கு ஜார்ஜ்டவுன் பழங்கட்டடங்களைப் பற்றி இரண்டு பக்கம் போட்டிருந்தீர்கள். ஆசையாகத்தான் படிக்க உட்கார்ந்தேன். நடுவில் ஒரு வரி, இப்படிப்பட்ட இருண்ட இடங்களில் விலையுயர்ந்த கேமராவும் விளக்குகளும் இல்லாதவர்கள் படம் எடுக்க முயல்வது வீண் வேலையாம். அதற்கு மேல் படிக்க மனசு வரவில்லை.

என்னிடம் இருப்பது பழைய கேமரா, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கூடவே ஒரு 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ். எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் வாய் அகலமாகத் திறக்கும். கேமராவோடு வரும் சாதாரண ஜூம் லென்ஸை முழுசாக இழுத்தால் எஃப் 5.6 தான் கிடைக்கும், அதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை இந்தச் சின்ன லென்ஸ் உள்ளே விடும் என்பது உங்கள் புகைப்படப் பிரிவினருக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் வெளிச்ச உணர்திறனை, 1600, 3200 என்று ஏற்றினால் ஷட்டர் சட்டென்று மூடிவிடும், படத்தில் புள்ளி தட்டும்தான். தட்டட்டுமே, அதைக் கணினியில் ஓரளவு குறைத்துவிடலாம், கை அசைந்து கலங்கிப்போன படத்தை எவராலும் காப்பாற்ற முடியாது. ஜன்னல் வெளிச்சமும் அப்படித்தான். வெளுத்துப்போன இடத்தில் மீட்க ஒன்றும் இருக்காது, அதனால் ஜன்னலுக்கு அளவு வைத்துக் கொஞ்சம் இருட்டாகவே, கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில் எடுத்துவிட்டு, நிழலை அப்புறம் தூக்கிக்கொள்ள வேண்டும்.

கேமராவைத் தாங்கும் முக்காலி? பல இடங்களில் விடவே மாட்டார்கள். தரை கீறும், வருகிறவர்களுக்கு இடைஞ்சல், நியாயம்தான். ஒருமுறை பழைய மண்டபம் ஒன்றில் அனுமதி கேட்டுக்கொண்டு, துண்டை நாலாக மடித்துத் தூணின் அடிக்கல்லில் வைத்து, அதன்மேல் கேமராவை உட்காரவைத்து, இரண்டு விநாடி டைமரைப் போட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன். ஷட்டர் திறந்திருந்தது ஒரு விநாடி, ஐஎஸ்ஓ 200. தூணில் பல வருட எண்ணெய்ப் புகை படிந்து கருத்திருந்ததும், கை படும் உயரத்தில் மட்டும் அது தேய்ந்து பளபளத்ததும் அப்படியே விழுந்திருந்தன. அதே இடத்தில் ஃபிளாஷ் அடித்திருந்தால் அந்தக் கருப்பும் பளபளப்பும் ஒன்றாகித் தட்டையாகிவிடும். தூரம் இரண்டு மடங்கானால் ஃபிளாஷ் வெளிச்சம் கால்வாசியாகிவிடும் என்பதால், முன்னால் நிற்பவர் முகம் வெளுத்து, பின்னால் இருக்கும் மண்டபம் குகை மாதிரி ஆகிவிடும். உங்கள் பக்கத்தில் வந்த படங்களில் பாதி அப்படித்தான் இருக்கின்றன ஐயா. மன்னிக்கவும், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

என் அக்காள் மகள் அந்த வரியைப் படித்துவிட்டு, "நம்ம கைப்பேசியில எடுத்து என்ன மாமா ஆகப்போகுது" என்று கேட்டாள். என்னால் பொறுக்க முடியாதது இதுதான். 1833-இல் எழுந்த குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலும், 1801-இல் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், சூலியா ஸ்திரீட் நாகூர் தர்காவும் நம் ஆட்கள் கட்டியவை. 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஊர் ஏறியதிலிருந்து உலகமே படம் எடுக்க வருகிறது, நம் வீட்டுப் பிள்ளையை மட்டும் வேண்டாம் என்கிறீர்களா?

கோயில் பள்ளிவாசலாவது நிற்கும். கீழே கடை, மேலே வீடு என்றிருக்கும் கடைவீடுகள்? வாடகையை ஏறவிடாமல் வைத்திருந்த கட்டுப்பாடு நீங்கி 2000 பிறந்ததும் எத்தனை குடும்பங்கள் வாடகை கட்ட முடியாமல் வெளியேறின என்பது உங்களுக்குத் தெரியும். அந்த வீடுகளின் மரப்படியும், நடு முற்றத்தில் மேலிருந்து இறங்கும் வெளிச்சமும், சுவரில் மாட்டிய சாமி படங்களும் எவர் கேமராவில் இருக்கின்றன? உள்ளே இருட்டு, படம் வராது என்று எல்லாரும் வாசலோடு திரும்பிவிட்டார்கள். இன்றைக்கு அவற்றில் பல, காபிக் கடையும் ஹோட்டலுமாக மாறி வெள்ளை அடித்து நிற்கின்றன.

இன்னொன்றும் நெஞ்சில் கிடக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு பழைய அச்சுக்கூடத்தின் உள்படத்தை உங்களுக்கு அனுப்பினேன். நிழலையெல்லாம் சாம்பல் நிறமாகும்வரை வெளுக்கவைத்து, ஓரத்தை வெட்டி, 'கோப்புப் படம்' என்று போட்டீர்கள். விசாரித்து எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை. அதை விட்டுவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. ஞாயிறு பதிப்பில் மாதம் ஒருமுறை கால் பக்கம் ஒதுக்குங்கள். வாசகர்கள் எடுத்த பழங்கட்டட உள்படம் ஒன்று, அடியில் எந்தக் கருவி, ஷட்டர் எவ்வளவு, ஐஎஸ்ஓ எவ்வளவு என்று ஒரு வரி. படத்தை வெளுக்கவைக்காமல் போடுங்கள். எடுத்தவர் பெயரையும் மறக்காமல் போடுங்கள்.

இப்படிக்கு,
ஜார்ஜ்டவுன் வாசகர், பினாங்கு