மகளுக்கு, வால்சிங்கத்திலிருந்து

அன்புள்ள மகள்,

இரவு வேலை முடிந்து வந்த காலையில் உன் செய்தியைப் படித்தேன். "அம்மா, நான் மணக்க விரும்புபவருடையது மட்டக்களப்பு மெதடிஸ்த குடும்பம். கலியாணமும் அவர்களுடைய கோவிலில்தான் நடக்கும்போல இருக்கிறது. நாம் கத்தோலிக்கர் என்பதால் நீங்கள் மனம் நோவீர்களோ என்று பயமாக இருக்கிறது" என்று எழுதியிருந்தாய். தொலைபேசியில் பேசினால் அழுதுவிடுவேன் என்பதால் எழுதுகிறேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குச் சம்மதம். அப்பாவுக்கும் சம்மதம். இனி மீதியைப் பயமில்லாமல் படி.

உன் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். பெரியம்மாவின் கதையைக் கேட்டு வளர்ந்தவள் நீ. அக்கா ஒரு புரொட்டஸ்தாந்து சபைக்காரரை மணந்தபோது அம்மப்பா படலையைச் சாத்தியவர்தான், சாகும்வரை திறக்கவில்லை. நீ கேட்காத ஒன்றும் இருக்கிறது. அம்மப்பா இறந்த அன்று அக்கா மன்னார் வெயிலில் படலைக்கு வெளியே, வேப்பமரத்தடியில் நின்றாள். எனக்கு அப்போது பதினாறு வயது. உள்ளே முற்றத்திலிருந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு செம்பு தண்ணீர்கூடக் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. அதை நினைக்காமல் ஒரு வருடமும் போனதில்லை.

நீ இங்கே வந்ததெல்லாம் ஜூலையில், நம் தமிழர் திருயாத்திரைக்கு மட்டும்தான். அன்றைக்கு லண்டனிலிருந்து பஸ்களும் கார்களுமாக ஆயிரக்கணக்கில் நம்மவர்கள் வந்து இறங்குவார்கள். வயல் நடுவே தமிழில் செபமாலை கேட்கும், நம் சைவச் சனங்களும் ஊரில் மடு மாதா கோவிலுக்கு வருவதுபோல வந்து மெழுகுதிரி ஏற்றுவார்கள். அந்த ஒரு நாளை மட்டும் பார்த்தவளுக்கு வால்சிங்கம் நம்முடைய ஊர்போலத்தான் தெரியும். மற்ற நாட்களில் இது ஆயிரம் பேர்கூட இல்லாத இங்கிலாந்தின் நோர்ஃபோக் மாவட்டத்தில் ஒரு சின்னக் கிராமம். முதியோர் இல்ல வேலைக்காக நாங்கள் ஃபேக்கன்ஹமுக்குக் குடிவந்தபோது, அருகில் மாதா கோவில் இருக்கிறது என்ற ஒரே ஆறுதலோடுதான் வந்தேன். இவ்வளவு விதமான கிறிஸ்தவர்கள் இந்தச் சிறிய வட்டாரத்துக்குள் இருப்பார்கள் என்று நான் எண்ணியதே இல்லை.

முதல் ஞாயிறு ஊருக்குள் இருக்கும் திருத்தலத்துக்குப் போனேன். மாதா சொரூபம், சாம்பிராணி, செபமாலை, புனித நீர் எல்லாம் இருந்தன. முழந்தாளிட்டு நிம்மதியாகச் செபித்தேன். பூசை முடிந்த பிறகுதான் பக்கத்திலிருந்த பெண் சொன்னாள், அது அங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்துச் சபையின், கோவில் என்று. எனக்கு நெஞ்சு படபடத்தது. ஏதோ பாவம் செய்துவிட்டதாகப் பயந்து, நேரே நம் சுவாமியிடம் போனேன். அவர் சிரித்து, "மாதாவிடம்தானே செபித்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார்.

அந்தத் திருத்தலம் எழுந்த விதத்தை அறிந்தபோது இன்னும் வியந்தேன். 1061-இல் ரிச்செல்டிஸ் என்ற பெண்ணுக்கு மாதா காட்சி கொடுத்து, நாசரேத்து வீட்டைப்போல ஒரு வீட்டை இங்கே கட்டச் சொன்னார் என்பது மரபு. பிறகு துறவிகளின் மடம் வந்தது. இங்கிலாந்தின் அரசர்கள் ஒருவர்பின் ஒருவராக யாத்திரை வந்தார்கள். எட்டாம் ஹென்றி 1511-இல் ஆண்பிள்ளை பிறந்த நன்றிக்காக இங்கே வந்தார். வெறுங்காலோடு நடந்தார் என்றும் சொல்வார்கள். அந்தக் குழந்தை இரண்டு மாதம்கூட உயிரோடு இருக்கவில்லை. அதே ஹென்றியின் ஆட்சியில்தான் 1537-இல், எதிர்க்கத் துணிந்ததாகக் குற்றம் சாட்டி, மடத்தின் துணைத்தலைவரை இந்த ஊரிலேயே தூக்கிலிட்டார்கள். அடுத்த வருடம் மடம் மூடப்பட்டது. மாதா சொரூபத்தை லண்டனுக்குக் கொண்டுபோய் எரித்தார்கள். கிட்டத்தட்ட நானூறு வருடத்துக்குப் பிறகு, 1921-இல் இங்கே பங்குக்குருவாக வந்த ஹோப் பேட்டன் என்ற அங்கிலிக்கன் குரு, பழைய மடத்து முத்திரையிலிருந்த உருவத்தைப் பார்த்துப் புதுச் சொரூபம் செய்வித்தார். அரசன் உண்டாக்கிய சபையின் குரு ஒருவரே, அரசன் எரித்த மாதாவைத் திரும்ப அழைத்து வந்தார்.

நம்முடைய செருப்புக் கோவில் ஒரு மைல் தள்ளி இருப்பது உனக்குத் தெரியும். சுமார் 1340-இல் கட்டியது. யாத்திரிகர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு அந்தக் கடைசி மைலை நடந்தார்கள். நீ பத்து வயதில் கால் சுடுகிறது என்று அப்பாவின் தோளில் ஏறிய அதே பாதைதான். மடம் அழிந்த பிறகு அந்தக் கோவில் ஏழைகள் விடுதியாகவும் மாட்டுக்கொட்டிலாகவும் கிடந்தது. சார்லட் பாய்ட் என்ற பெண்மணி, அங்கிலிக்கனாக இருந்து கத்தோலிக்கராக மாறியவர், 1896-இல் அதை விலைக்கு வாங்கிக் காப்பாற்றினார். 1934-இல்தான் அது இந்த நாட்டுக் கத்தோலிக்கரின் தேசியத் திருத்தலமானது.

இவ்வளவும் நம் பக்கத்துக் கதை. இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் அம்மப்பாவின் கோபத்தைத்தான் உனக்குக் கைமாற்றுகிறேன் என்று ஆகும். அவருடைய கோபத்துக்கு வேர் இருந்தது. புரொட்டஸ்தாந்துகளான ஒல்லாந்தர் காலத்தில் நம் வேதத்தைத் தடைசெய்து விரட்டியபோது, 1670-இல் மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போன கதையைச் சின்ன வயதிலிருந்தே கேட்டவர் அவர். அப்படித்தானே நமக்கு மடு கிடைத்தது. ஆனால் ஒல்லாந்தர் செய்ததற்கு மட்டக்களப்பு மெதடிஸ்தர்கள் என்ன செய்வார்கள்? அவர்களுடைய முதல் மிஷனரி வில்லியம் ஓல்ட் 1814-இல் அங்கே போய் இறங்கி, ஒரு வருடம்கூட ஆகுமுன் அந்த மண்ணிலேயே இறந்தவர். உன் வருங்காலக் குடும்பம் அந்தக் கல்லறையிலிருந்து முளைத்தது.

இங்கிருந்து சில மைல் தூரத்தில் பின்ஹம் என்று ஓர் ஊர் இருக்கிறது. பழைய மடத்துக் கோவிலின் ஒரு பகுதி இன்றும் அங்கிலிக்கன் பங்குக் கோவிலாக இருக்கிறது. உள்ளே ஒரு மரத்தடுப்பின் பலகைகளை வைத்திருக்கிறார்கள். முன்பு அதில் புனிதர்களின் படங்கள் தீட்டியிருந்தன. சீர்திருத்தக் காலத்தில் அவற்றின்மேல் வெள்ளை பூசி, 1539-ஆம் ஆண்டு ஆங்கில வேதாகமத்தின் வசனங்களைக் கறுப்பு எழுத்தில் எழுதிவிட்டார்கள். காலம் போகப் போக வெள்ளை உரிந்துவிட்டது. இப்போது எழுத்துகளுக்கு இடையிலிருந்து புனிதர்களின் முகங்கள் எட்டிப் பார்க்கின்றன. கிட்டப் போய் நின்றால் ஒரு கண், ஒரு கன்னம், அதற்குக் குறுக்கே ஒரு சொல். முதலில் பார்த்தபோது கோபம் வந்தது. அடுத்த தடவை, அந்த வசனங்களையும் மெதுவாக எழுத்துக்கூட்டி வாசித்தேன். அவையும் நாம் பூசையில் கேட்கும் வேத வசனங்கள்தான். வெள்ளை பூசியவனும் கடவுளுக்கென்று நினைத்துத்தான் பூசினான், படம் தீட்டியவனும் அவருக்கென்றுதான் தீட்டினான். இப்போது இரண்டையும் ஒரே பலகையில் வைத்துப் பாதுகாக்கிறார்கள். அந்தப் பலகைக்கு முன் நின்றபோதெல்லாம் அக்காவின் முகம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

அங்கிலிக்கன் என்றால் எல்லாக் கோவிலும் ஒரே மாதிரி என்றும் நினைக்காதே. வால்சிங்கத்தில் சாம்பிராணியும் மாதாவும். சில மைல் தள்ளிச் சிக்கிமுக்கிக் கல்லால் கட்டிய ஒரு சிறு கோவிலில் எட்டுப் பேர் 1662-ஆம் ஆண்டு செபப் புத்தகத்திலிருந்து மெல்லிய குரலில் வாசிப்பார்கள். நோர்ஃபோக்கில் மட்டும் இப்படி அறுநூற்றுக்கும் மேற்பட்ட பழங்காலக் கோவில்கள் இருக்கின்றன. வட்டக் கோபுரம் உள்ளவையே நூற்றுக்கு மேல். குருமார் போதாததால் ஒரே குரு பல ஊர்களைப் பார்க்கிறார். எந்த ஞாயிறு எந்தக் கோவிலில் ஆராதனை என்று அட்டவணை போட்டு ஒட்டியிருப்பார்கள். முழந்தாளிடும் மெத்தைகளில் ஊர்ப் பெண்கள் தையலில் பூவும் பறவையும் போட்டிருக்கிறார்கள். பூட்டியிருந்தால் சாவி எந்த வீட்டில் என்று கதவில் எழுதியிருக்கும். சில சிறு மெதடிஸ்த கோவில்கள் விற்கப்பட்டு வீடுகளாகிவிட்டன. கதவுக்கு மேலே வருடம் பொறித்த கல் மட்டும் இருக்கும். அவற்றைக் கடக்கும்போது, நம்முடையது இல்லைதானே என்று நினைத்தாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

பழைய ரயில் நிலையத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். 1964-இல் ரயில் நின்ற பிறகு சில வருடங்களில் அதை ரஷ்ய ஓர்த்தடொக்ஸ் கோவிலாக்கினார்கள். கூரையில் ஒரு சிறு வெங்காயக் குமிழ் இருக்கிறது. வெல்ஸ் கடற்கரை ஊரில் குவேக்கர்கள் கூடுகிறார்கள். குரு இல்லை, பாட்டு இல்லை, எல்லோரும் அமைதியாக உட்கார்ந்திருப்பார்கள், யாருக்காவது உள்ளுணர்வு வந்தால் எழுந்து பேசுவார்கள். கூட வேலை செய்யும் ஒருத்தியோடு ஒரு தடவை போனேன். ஒரு மணி நேரம் யாரும் பேசவில்லை. எனக்குப் பழக்கமில்லாததால் மனதுக்குள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன்.

இனி உன் பக்கத்துக்கு வருகிறேன். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் இருந்த ஒரு முதிய அம்மா மெதடிஸ்தர். பண்ணைத் தொழிலாளி ஒருவரின் மகள். வால்சிங்கத்து மெதடிஸ்த கோவிலுக்குத் தன்னைச் சக்கர நாற்காலியில் அழைத்துப்போகச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தார். 1794-இல் கட்டிய கோவில் அது. அதன் முன்னால் நூறு தடவை நடந்திருப்பேன், உள்ளே போனதில்லை. அன்று போனேன். வெள்ளைச் சுவர், சொரூபம் ஒன்றும் இல்லை, பாட்டு எண்கள் எழுதிய ஒரு பலகை. அன்று நற்கருணை நாள். அவர்கள் வைன் வைப்பதில்லை. மருந்துக் குப்பி அளவான கண்ணாடிக் கிண்ணங்களில் திராட்சைச் சாறு கொடுப்பார்கள். அந்த அம்மாவின் கை நடுங்கியது. கிண்ணம் சரிந்துவிடும்போல இருந்தது. நான் அவருடைய கையோடு சேர்த்து அதைப் பிடித்துக்கொண்டேன். அவர் குடித்தார். நம் சபை ஒழுங்குப்படி நான் வாங்கவில்லை, ஆனால் அந்தக் கிண்ணம் என் விரலுக்குள் இருந்தது. அக்காவுக்குக் கொடுக்காத தண்ணீர் என் நினைவுக்கு வந்து, அங்கேயே அழுதேன்.

அந்த அம்மாதான் ஜோர்ஜ் எட்வர்ட்ஸ் என்ற பெயரை எனக்குச் சொன்னார். 1850-இல் இந்த நோர்ஃபோக்கில் பிறந்த ஏழை. பசித்த பிள்ளைகளுக்காகத் தகப்பன் ஐந்து டர்னிப் கிழங்கு எடுத்து வந்ததற்குச் சிறை வைத்தார்கள்; குடும்பம் ஏழைகள் விடுதிக்குப் போனது. ஆறு வயதில் வயலில் காக்கை விரட்டியவர். பள்ளிக்கூடம் போனதில்லை. அந்தக் காலத்தில் நிலக்காரரும் குருவும் பெரிய கோவிலில் முன்வரிசையில் இருந்தபோது, கூலிக்காரனை எழுந்து பேசவைத்தது மெதடிஸ்தரில் ஒரு பிரிவான பிரிமிட்டிவ் மெதடிஸ்த சபை. அவர் போதிக்கத் தொடங்கியபோது அவருக்கு வாசிக்கத் தெரியாது. மனைவி சார்லட் சொல்லிக்கொடுக்க, பாட்டுகளையும் வேத வசனத்தையும் பாடமாக்கிக்கொண்டு போய் ஆராதனை நடத்தினார். பிறகு பண்ணைத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டி, 1920-இல் நாடாளுமன்றத்துக்கே போனார். அவர் அடங்கியிருப்பது நாங்கள் குடியிருக்கும் ஃபேக்கன்ஹமில்தான்.

இன்னொன்று. மெதடிஸ்தர்களின் தலைவர் ஜோன் வெஸ்லி 1781-இல் வால்சிங்கம் வந்து, நம் மடத்தின் இடிபாடுகளைச் சுற்றிப் பார்த்தார். ஹென்றிக்கு எள்ளளவு நற்குணம் இருந்திருந்தால் இந்த அருமையான கட்டடங்கள் பாழாகியிருக்காது என்று தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். நம் மாதாவின் வீடு அழிந்ததற்கு மனம் நொந்தவரின் பிள்ளைகளிடம் நீ மருமகளாகப் போகிறாய்.

காரியத்தையும் பேசவேண்டும். நம் சுவாமியிடம் கேட்டேன். ஆயரின் அனுமதி வாங்கினால் மெதடிஸ்த கோவிலில் கலியாணம் நடக்கலாம் என்றார். உன் பங்குத்தந்தையிடம் இப்போதே போ, கடைசி நேரத்துக்கு வைக்காதே. பிள்ளைகளின் ஞானஸ்நானம் பற்றி உன்னிடம் வாக்குறுதி கேட்பார்கள். அதை நீ மணக்கப்போகிறவருக்குத் தெரியாமல் கொடுக்காதே. கலியாணத்துக்கு முன்பே இருவரும் உட்கார்ந்து வெளிப்படையாகப் பேசுங்கள். அதில் எனக்கு ஆசை இருக்கிறது என்பதை மறைக்க மாட்டேன், ஆனால் முடிவு உங்களுடையது. உன் செபமாலையை விட்டுவிடாதே. அவர்கள் வீட்டில் மாதா படம் இல்லை என்று குறை சொல்லாதே. உன் அறையில் ஒன்று வைத்துக்கொள்ளலாமா என்று கேள்.

பெரியம்மாவுக்கு நேற்று நானே தொலைபேசி எடுத்துச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கலியாணத்துக்கு என்னையும் கூப்பிடுவீர்களா?" என்று கேட்டாள். அழைப்பிதழில் முதல் பெயரை அவளுக்கு எழுது.

ஜூலையில் அவரையும் கூட்டிக்கொண்டு வா. பின்ஹமுக்கு நானே காரில் அழைத்துப் போகிறேன். யாத்திரை மைலை நடக்க அவருக்கு விருப்பமில்லை என்றால் வற்புறுத்தாதே, அப்பாவோடு மரநிழலில் இருக்கட்டும்.

கலியாண ஆராதனையில் என்ன பாட்டுகள் பாடப்போகிறார்கள் என்று அவருடைய அம்மாவிடம் கேட்டு, வரிகளைத் தமிழில் தட்டச்சு செய்து எனக்கு அனுப்பு. மெட்டையும் யாராவது பாடிப் பதிவுசெய்து அனுப்பினால் நல்லது. பெரியம்மாவுக்கு அவை தெரிந்திருக்கும். நான் இன்றிலிருந்தே பாடமாக்கத் தொடங்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா