யாருடைய நிறுவனம் என்பதையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மக்களின் பணத்தை முதலீடு செய்து நிர்வகிக்கும் சொத்து மேலாண்மை நிறுவனங்களின் வளர்ச்சி பற்றி வணிகப் பக்கத்தில் வரும் கட்டுரைகளை விடாமல் படிக்கிறேன். எத்தனை கோடியை நிர்வகிக்கிறார்கள் என்று வருகிறது. சரி, அந்த நிறுவனம் யாருக்குச் சொந்தம்?

முப்பது ஆண்டுகள் வணிகவியல் கற்பித்தவன் நான். வகுப்பில் வான்கார்டு என்ற முதலீட்டு நிறுவனத்தின் கதையை ஒருமுறையாவது சொல்லாமல் விட்டதில்லை. 1974இல் வெலிங்டன் மேலாண்மை என்ற முதலீட்டு நிறுவனத்திலிருந்து நீக்கப்பட்டவர் ஜான் போகிள். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் வான்கார்டைத் தொடங்கினார். அதற்குத் தனி முதலாளி கிடையாது. நிறுவனம் அது நடத்தும் நிதித் திட்டங்களுக்கே சொந்தம், திட்டங்கள் அவற்றில் பணம் போட்ட முதலீட்டாளர்களுக்குச் சொந்தம். 1976இல் பொதுமக்களுக்கான குறியீட்டு நிதியை, அதாவது பங்குச் சந்தைக் குறியீட்டில் உள்ள நிறுவனங்களின் பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் திட்டத்தை, கொண்டுவந்தார். 15 கோடி டாலர் எதிர்பார்த்த இடத்தில் வந்தது சுமார் 1.13 கோடிதான். அந்தக் குறியீட்டில் இருந்த 500 நிறுவனங்களிலும் தலா நூறு பங்கு வாங்கக்கூட அது போதவில்லை. பணம் திரட்டித் தந்தவர்கள் கைவிட்டுவிடலாம் என்றார்கள், போகிள் விடவில்லை. எனக்கு அந்த மனிதர் மீது இன்றும் பெரிய மரியாதை.

அப்புறம், தனி முதலாளிக்கு லாபம் எடுக்கத் தேவையில்லாமல் கட்டணம் குறைந்தால் என்ன ஆகும் என்று கரும்பலகையில் ஒரு கணக்குப் போடுவேன். ஒரு லட்சம், ஆண்டுக்கு 10 சதவீத வருமானம், 30 ஆண்டுகள். ஆண்டுக் கட்டணம் 2 சதவீதம் என்றால் கையில் நிற்பது சுமார் 10 லட்சம். 0.2 சதவீதம் என்றால் பதினாறரை லட்சம். பிள்ளைகள் இரண்டு முறை போட்டுச் சரிபார்ப்பார்கள்.

நிறுவனங்களின் வரலாற்றை எழுதும்போது, யாருக்குச் சொந்தம் என்பதோடு, வசூலிக்கும் கட்டணம் ஆண்டுதோறும் ஏறியதா, இறங்கியதா என்று ஒரு சிறு அட்டவணையாவது சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வணிகவியல் ஆசிரியர்