ஜூஸ் குறிப்போடு இதையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் இணைப்பிதழில், உடைந்த எலும்பு சீக்கிரம் கூடுவதற்கு வீட்டிலேயே போடும் ஐந்து ஜூஸ் என்று ஒரு குறிப்பு வந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் அதைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள். இந்தத் தெருவில் கால் உடைந்து எழுந்தவள் நான்தான்.

போன பங்குனியில் மொட்டை மாடியில் வடகம் பிழிந்துவிட்டு, குரங்கு வருகிறதா என்று திரும்பிப் பார்த்தபடியே இறங்கினேன். கடைசிப் படி ஒன்று பாக்கி இருந்தது. வலது காலில் முழங்காலுக்குக் கீழே பெரிய எலும்பு இரண்டாகப் போய், பிளேட் வைத்தார்கள். ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது. எனக்கு வயது 63, சர்க்கரையும் உண்டு.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஆப்பிள், மாதுளை, சாத்துக்குடி என்று பையோடு வந்தார்கள். மருமகள் நல்ல பெண். வந்த பழம் வீணாகக் கூடாது, அத்தைக்குத் தெம்பும் வர வேண்டும் என்று அட்டவணையே போட்டுவிட்டாள். காலை 11 மணிக்கு கேரட், பீட்ரூட், ஆப்பிள் மூன்றும் அடித்து வடிகட்டியது. நாலு மணிக்கு சாத்துக்குடி. ஒரு டம்ளருக்கு நாலு பழம், மேலே இரண்டு ஸ்பூன் சர்க்கரை. ராத்திரி மாதுளை. இவ்வளவும் உள்ளே போனால் சோறு எங்கே இறங்கும்? மதியம் இரண்டு கை ரசம் சாதம், ராத்திரி ஒரு இட்லி. அதோடு சரி.

இன்னொரு சங்கடம், இதை எந்தக் குறிப்பிலும் எழுத மாட்டார்கள். ஒரு டம்ளர் ஜூஸுக்கு இரண்டு முறை பாத்ரூம் போக வேண்டியிருக்கிறது. என் கட்டிலிலிருந்து பாத்ரூம் வாசல்வரை வாக்கரைப் பதினாலு முறை எடுத்து வைக்க வேண்டும். அந்த வலிக்குப் பயந்தே மாதுளையை ஜன்னலோர ரோஜாத் தொட்டியில் ஊற்றியிருக்கிறேன்.

நாலாம் நாள் ராத்திரி சிறுநீர் சிவப்பாகப் போயிற்று. மருமகள் பதறிப்போய் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். எடுத்த நர்ஸ், "பீட்ரூட் சாப்பிட்டாங்களா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். சிலருக்கு அந்த நிறம் அப்படியே இறங்குமாம். அன்று ராத்திரி வீட்டில் யாரும் தூங்கவில்லை.

மூன்றாம் வாரம் பார்த்தபோது, வெறும் வயிற்றில் 130க்குள் நின்றுகொண்டிருந்த சர்க்கரை 214. வீட்டுக்கு வந்த பிசியோதெரபிப் பெண் என் கெண்டைக்காலை டேப்பால் அளந்துவிட்டு, "என்னம்மா சாப்பிடறீங்க?" என்றாள். பெருமையாக அட்டவணையைச் சொன்னேன். "இதுல புரோட்டீன் எங்கேம்மா?" என்றாள். நம் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லும் கணக்குப்படி, உடம்பு எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் தினம் வேண்டும். 58 கிலோ இருக்கும் எனக்கு 48 கிராம். அதுவும் நல்லபடி நடமாடும் காலத்துக் கணக்கு. ஒரு டம்ளர் சாத்துக்குடிச் சாற்றில் 2 கிராம்கூடத் தேறாது. ஒரு முட்டையில் 6 கிராம்.

ஜூஸே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. முப்பத்தோரு வருடம் பள்ளியில் வரலாறு எடுத்தவள் நான். 1498-ல் கள்ளிக்கோட்டைக்கு வந்த வாஸ்கோடகாமாவின் மாலுமிகள், வைட்டமின் சி இல்லாமல் வரும் ஸ்கர்வி என்ற நோயால் செத்த கதையை வருடா வருடம் சொல்லியிருக்கிறேன். அதைவிட எனக்குப் பிடித்தது ஆன்சன் என்ற ஆங்கிலேயத் தளபதியின் கப்பலில் நடந்தது. 1740களில் உலகைச் சுற்றிய அந்தக் கப்பலில் ஒரு வயதான மாலுமி இருந்தார். 1690-ல் அயர்லாந்தின் பாய்ன் போரில் பட்டு, ஆறிப்போன அவருடைய காயம் ஐம்பது வருடம் கழித்து ஸ்கர்வியில் மறுபடி வாய் திறந்தது. முறிந்து கூடிய எலும்பும் கூடாத எலும்பு போல விட்டுப்போனது. தோலையும் எலும்பையும் பிடித்து நிறுத்தும் கொலாஜன் நாரை உடம்பு ஓயாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. அதற்கு வைட்டமின் சி வேண்டும். காயம்பட்டவருக்குப் பழம் கொடுக்கும் வழக்கத்தில் அர்த்தம் இல்லாமல் இல்லை.

ஆனால் எவ்வளவு வேண்டும்? 1939-ல் பாஸ்டனில் கிராண்டன் என்ற இளம் அறுவை மருத்துவர், வைட்டமின் சி இல்லாத சாப்பாட்டையே ஆறு மாதம் தானே சாப்பிட்டுப் பார்த்தார். மூன்றாம் மாதம் முதுகில் போட்ட கீறல் ஒழுங்காக ஆறிவிட்டது. ஆறாம் மாதம் போட்டது ஆறவில்லை. வைட்டமின் சி கொடுத்த பிறகுதான் கூடியது. அடியோடு இல்லாமல் போனால் ஆபத்து; வேண்டிய அளவு இருந்தால், அதற்கு மேல் லிட்டர் கணக்கில் ஊற்றுவதால் எலும்பு அவசரப்படாது. பெண்களுக்கு ஒரு நாளைக்கு 65 மில்லிகிராம் என்கிறார்கள். 100 கிராம் கொய்யாவில் 200-க்கு மேல் இருக்கிறது. எங்கள் பக்கம் ஆயக்குடிக் கொய்யா கூறு போட்டு விற்கும்போது, நான் எதற்கு நாலு சாத்துக்குடியைப் பிழிந்து சக்கையைக் குப்பையில் கொட்ட வேண்டும்?

என் நாத்தனார் பங்குக்கு ஒரு வைத்தியம் நடந்தது. பிரண்டை எலும்பைக் கூட்டும் என்று பச்சையாக மிக்ஸியில் அடித்துக் கொண்டுவந்து நீட்டினார். ஒரே வாய்தான். தொண்டை அன்று முழுக்க நமநமவென்று அரித்தது. பிரண்டையைக் கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நார் உரித்து, எண்ணெயில் சுருள வதக்கி, புளி வைத்துத் துவையலாக அரைப்பார்கள். நம் பாட்டிமார் சும்மாவா அப்படிச் செய்தார்கள்?

அட்டவணையை மாற்றிய பிறகு நான் குடித்தது நெல்லிக்காய் மோர். பெரிய நெல்லிக்காய் ஒன்றைக் கொட்டை நீக்கி, ஏழெட்டுக் கறிவேப்பிலை, சுண்டுவிரல் நுனி அளவு இஞ்சி, உப்பு சேர்த்து அரைத்து, ஒரு டம்ளர் மோரில் கலக்கினால் ஆயிற்று. வடிகட்டுவதில்லை, வைத்திருந்து குடிப்பதும் இல்லை. காற்றுப்பட வைத்தால் வைட்டமின் சி குறைந்துகொண்டே போகும். காலையில் இது ஒரு டம்ளர், மாலையில் நாலு துண்டு பப்பாளி. மற்ற வேளைகளில் முட்டை இரண்டு, சுண்டல், பருப்பு, வாரம் இரண்டு நாள் மீன், அப்புறம் டாக்டர் எழுதிக்கொடுத்த கால்சியம், வைட்டமின் டி மாத்திரை. இளைத்துப்போன கெண்டைக்கால் திரும்பச் சதை ஊற மூன்று மாதம் ஆயிற்று. சர்க்கரையும் இறங்கியது.

எலும்பைக் கூட்டியது மோர் என்று சொன்னால் டாக்டர் சிரிப்பார். பிளேட்டும் ஓய்வும் பயிற்சியும் சாப்பாடும் சேர்ந்து செய்தது அது.

ஐயா, உங்கள் பத்திரிகையை எங்கள் ஊர் டீக்கடையில் ஒருவர் வாசிக்க நாலு பேர் கேட்கிறார்கள். ஜூஸ் குறிப்பு போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கீழே நாலு வரி சேர்த்துப் போடுங்கள். சர்க்கரைக்காரர்களுக்குப் பழமாகச் சாப்பிடுவதே நல்லது என்று. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இளநீர், ஆரஞ்சு, தக்காளிச் சாறு எல்லாம் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது, பொட்டாசியம் ஏறி இதயத்தைப் பாதிக்கும் என்று. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கீரைச் சாற்றைத் திடீரென்று ஆரம்பிக்கக் கூடாது என்று.

உங்கள் ஐந்தில் ஒன்றாகச் சுரைக்காய்ச் சாறும் இருந்தது. முதலில் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்து, துளி கசந்தாலும் துப்பிவிட்டு மொத்தக் காயையும் தூக்கி எறியச் சொல்லுங்கள். கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்து நம் நாட்டில் உயிரே போயிருக்கிறது. 2010-ல் டெல்லியில் ஒரு விஞ்ஞானி இறந்த பிறகு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதற்கென்று நிபுணர் குழு போட்டு விசாரித்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணின் மாமனாருக்குத்தான் இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது. அவள் காய்கூட வாங்கிவிட்டாள். நல்லவேளை, என்னிடம் கேட்டுவிட்டுப் போடலாம் என்று வந்தாள். இரண்டு பேருமாக நறுக்கி ருசி பார்த்தோம். கசக்கவில்லை. கூட்டு வைத்துக் கொடுக்கச் சொல்லி அனுப்பினேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
திண்டுக்கல் மாவட்டம்.